சத்தம் புகாத கேபின்

சென்ற வாரம் என்னுடைய பழைய பிக்கப் வண்டிக்குக் கதவு ஸ்பீக்கர் மாற்றலாம் என்று பாளையங்கோட்டையில் ஒரு கார் அலங்காரக் கடையில் கொண்டுபோய் நிறுத்தினேன். பழைய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்துபோய், செய்தி வாசிப்பவர்கூடச் சளி பிடித்தவர் மாதிரிப் பேசிக்கொண்டிருந்தார். கடைக்காரர் கதவின் உட்பக்கப் பிளாஸ்டிக்கைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கறுப்பு ஷீட்டின் முதுகிலிருந்த தாளை உரித்தார். தாரும் ரப்பரும் வெயிலில் கிடந்த மாதிரி ஒரு வாடை. மூக்கில் ஏறியதும் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

கடைக்காரர் பாவம், தொழில் பெருமையோடு ஷீட் ஒட்டிய கதவைத் தட்டிக் காட்டினார். சற்று முன்பு கணீரென்று இருந்த தகரம் தலையணையைத் தட்டியதுபோல அமுங்கிப்போயிருந்தது. "தரை, கூரை, பின்சுவர் எல்லாத்துலயும் ஒட்டிட்டோம்னா உள்ள ஒரு சத்தம் வராது அண்ணாச்சி" என்றார். கதவோடு நிறுத்துங்கள், கூரையையும் பின்சுவரையும் தொடவே கூடாது என்று நான் சொன்ன குரலில் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். ஏன் என்று கேட்டார்கள். கடையில் நின்று சொல்கிற சங்கதியா அது? உங்களிடம் சொல்கிறேன், உங்களுக்கும் இப்போது வேறு வேலை இருக்காது என்ற நம்பிக்கையில்.

பி.காம். முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல், வீட்டில் எல்லோருக்கும் முன்னால் சாப்பிட உட்கார வெட்கப்பட்டுக்கொண்டிருந்த காலம். அக்காவைச் சேரன்மகாதேவியில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் வீட்டுக்காரர், என் அத்தான், ஒரு பிக்கப் வைத்திருந்தார். ஆற்றங்கரைத் தோப்புகளில் வாழைத்தார் ஏற்றி, வள்ளியூர், ராதாபுரம் வழியாகக் கூடங்குளம் பக்கத்துக் கடைகளுக்குப் போடுவார். அணுமின் நிலைய வேலைக்கு வந்து தங்கியிருந்த கூட்டத்தால் அங்கே பழம் இறக்கின இடத்திலேயே தீர்ந்துவிடும். சும்மாதானே இருக்கிறான், என்கூட வண்டியில் வரட்டும் என்று அத்தான் சொன்னார். மாப்பிள்ளை வாய் திறந்து ஒன்று கேட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. வண்டியில் என்றால் முன்சீட்டில் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். பட்டம் வாங்கியவனுக்கு அந்த அளவுகூடக் கற்பனை இருக்கக்கூடாதா?

முன்சீட்டில் அத்தானின் துண்டும் சாப்பாட்டுத் தூக்குவாளியும் வசதியாக உட்கார்ந்து வந்தன. நான் பின்னால், தாருக்கு மேல். என்னிடம் இருந்த நல்ல சட்டைகள் ஒவ்வொன்றாக வாழைக்கறை பட்டுக் கறுத்தன. அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. இன்றைக்கும் கறை பட்ட சட்டையோடு யாராவது எதிரில் வந்தால் ஒரு கணம் அவரை எனக்குத் தெரியும்போலத் தோன்றும்.

பின்னால் என் கூட வந்தவர் செல்லையா. லோடு ஏற்றி இறக்குகிறவர், என்னைவிட மூத்தவர். மிக நல்லவர் என்று சொல்லிவிட்டால் கதைக்கு வசதியாக இருக்கும். அப்படியெல்லாம் இல்லை. காற்று படாத மூலையை முதல் ஆளாகப் பிடித்துக்கொள்வார். காற்றின் திசை பார்க்காமல் வெற்றிலைச் சாற்றைத் துப்புவார், பாதி என் மேல் விழும். கேட்டால், "நீரு படிச்சவருல்லா, காத்து எங்கன இருந்து அடிக்கின்னு பாத்து உக்காரக் கூடாதாவே" என்பார். பல நாள் நாங்கள் பேசிக்கொள்ளாமலேயே போய் வந்திருக்கிறோம்.

பேசினாலும் கேட்டிருக்காது, அது வேறு விஷயம். வள்ளியூர் தாண்டிக் காற்றாலைகள் நிற்கிற பொட்டலில் பக்கத்தில் இருப்பவன் கத்துவதே காதில் விழாது. அதனால் பின்னால் இருப்பவனுக்கும் ஓட்டுகிறவனுக்கும் நடுவே ஒரு கை பாஷை இருந்தது. கேபின் கூரையில் ஒரு தட்டு தட்டினால் நிறுத்து. இரண்டு தட்டினால் போகலாம். விடாமல் தட்டினால் ஏதோ விபரீதம், இருக்கிற இடத்திலேயே நில். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, லோடு வண்டியில் ஏறியவனுக்கு அது தானாக வந்துவிடும். அத்தானும் தகரம் ஒலித்த மறுநொடி பிரேக்கை மிதிப்பார். அதில் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

அவருக்குப் பாட்டுப் பைத்தியம். ஸ்பீக்கர் கரகரக்கிறது என்று திருநெல்வேலியில் ஒரு கடையில் வண்டியை விட்டார். கதவுத் தகரத்தை வட்டமாக வெட்டிப் பெரிய ஸ்பீக்கர்கள் வைத்தார்கள். சத்தம் கூட்டினால் கதவு அதிர்ந்தது, அதற்காகக் கதவு முழுக்க ஷீட். கதவு அடங்கியதும் இன்ஜின் இரைச்சல் பெரிதாகத் தெரிந்தது, அதற்காகத் தரையில் ஷீட். அப்புறம் கூரையும் பின்சுவரும் மட்டும் என்ன பாவம் செய்தன என்று அங்கேயும் ஒட்டி, மேலே சிவப்பு வெல்வெட் துணி. சீட்டுக்கும் புது உறை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று அக்காவை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். வண்டிக்குள் இருக்கிற மாதிரியே இல்லை என்று அவள் பூரித்துப்போனாள். எனக்குத் தலையை மட்டும் உள்ளே நீட்டிப் பார்க்க அனுமதி. தாரும் ரப்பரும் கலந்த அந்த வாடையை அப்போதுதான் முதன்முதலில் முகர்ந்தேன்.

செல்லையா வண்டியைச் சுற்றி வந்து, கூரையில் கையால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது ஒங்களுக்குக் கேக்குமா?"

"கேக்காம? நான் என்ன செவிடனாலே?"

மறுநாளிலிருந்து கூத்து ஆரம்பமானது. நாங்கள் தட்டுவோம், வண்டி கடையைத் தாண்டிப் போகும். இன்னும் ஓங்கித் தட்டுவோம், அடுத்த கடையும் போகும். பிறகு கண்ணாடியில் எங்கள் கை ஆட்டத்தைப் பார்த்து நிறுத்தி, இறங்கி வந்து, உங்கள் கையில் பெலமே இல்லையா என்று எங்களைத் திட்டுவார். உள்ளங்கை கன்றிப்போய் நான் சோற்றை ஸ்பூனால் சாப்பிட்டேன். அதைப் பார்த்து, படித்தவனின் நாகரிகம் என்று சிரித்தாரே தவிர, பாட்டின் சத்தத்தைக் குறைக்கவில்லை.

ராதாபுரம் தாண்டி ஒரு நாள் காலை, தாரைக் கட்டியிருந்த கயிறு தளர்ந்தது. இறுக்குவதற்காகச் செல்லையா பின்கதவை ஒட்டி இருந்த சந்தில் இறங்கி நின்றார். வேகத்தடை ஒன்றில் வண்டி தூக்கிப் போட, மேலடுக்குத் தார்கள் மொத்தமும் பின்னால் சரிந்து அவருடைய காலைக் கதவோடு சேர்த்து நெரித்தது. அவர் வாய் திறந்திருப்பதைப் பார்த்தேன், அலறல் கேட்கவில்லை. பாய்ந்து போய்க் கூரையில் அடித்தேன். விடாமல் அடித்தேன். மெத்தையில் அடிப்பதுபோலத் தொப் தொப் என்றது. பாட்டின் மேள அதிர்வு மட்டும் கீழிருந்து என் முழங்காலுக்கு வந்துகொண்டிருந்தது. பின்கண்ணாடியை அடியில் கிடந்த தார்கள் மறைத்திருந்தன. வண்டி ஓர் ஊரைத் தாண்டியது, பஸ்ஸுக்கு நின்றவர்கள் நான் ஏதோ வேடிக்கை காட்டுகிறேன் என்று பார்த்துச் சிரித்தார்கள். கடைசியில் ஒரு சீப்புக் காயைப் பிய்த்து, கூரைக்கு மேலாகக் குப்புறப் படுத்து, முன்கண்ணாடியில் ஓங்கிப் போட்டேன்.

பிரேக் விழுந்தது. தாரெல்லாம் முன்னால் சரிய, செல்லையாவின் கால் விடுபட்டது. அத்தான் இறங்கி வந்து முதலில் பார்த்தது கண்ணாடியை.

"இது ஒடைஞ்சிருந்தா என்னலே செஞ்சிருப்பே?"

செல்லையாவின் குதிகால் எலும்பு நொறுங்கியிருந்தது. கோணலாகத்தான் கூடியது. இனி லோடு ஏற முடியாது, அதையாவது அவர் தாங்கிக்கொண்டார். அவரால் தாங்க முடியாதது வேறு. இரண்டு பேரும் பின்னால் உறங்கிக்கொண்டு வந்தார்கள், தட்டவே இல்லை என்று அத்தான் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். கால் போனவனுக்குத் தோப்பில் காவல் வேலையாவது கிடைக்கும். லோடு மேல் உறங்குகிறவன் என்று பெயர் எடுத்தவனைக் காவலுக்கு யார் வைப்பார்கள்? கேட்ட இடத்திலெல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நான் பார்க்கப் போனபோது செல்லையா ஒன்றுதான் கேட்டார். "தட்டுனானுவ, எனக்குத்தான் கேக்கலன்னு அவரு வாயால ஒருக்கச் சொல்லணும் வே. அது போதும் எனக்கு."

நான் அத்தானிடம் போய்ச் சண்டை போட்டேன். சோதித்துப் பார்த்துவிடலாமா என்றேன். தெருவில் நாலு பேர் பார்க்க, நின்ற வண்டிக்குள் அவர் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் ஓடவில்லை, பாட்டு இல்லை. நான் தட்டினேன். கதவைத் திறந்துகொண்டு, "கேக்குதே. இதுக்கு மேல ஒரு மனுசனுக்கு என்ன கேக்கணும்?" என்றார். வண்டியை ரோட்டில் ஓட்டிப் பாட்டைப் போடச் சொன்னேன். தனக்கு வேறு வேலை இருக்கிறது என்று துண்டை உதறித் தோளில் போட்டார். நான் அக்காவைப் பார்த்தேன்.

"அவுக கேக்குன்னு சொல்லுதாவல்லா. விட்ருலே" என்றாள்.

அவளுக்கும் தெரியும். அந்த வீட்டில் அவள் இருந்தாக வேண்டும், அது எனக்கும் தெரியும். அன்றோடு அந்த வண்டியில் ஏறுவதை விட்டேன். அத்தானை அன்றைக்கு வெறுத்தேன், இன்றைக்கும் வெறுக்கிறேன். காலம் ஆற்றிவிடும் என்று தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள்.

அப்புறம் எல்லாம் மாறிவிட்டது. லோடு மேல் ஆள் ஏறினால் இப்போது போலீஸ் பிடிக்கிறது. ஏறினாலும் கையில் செல்போன் இருக்கிறது. கூரையில் ஒரு தட்டு தட்டினால் இன்றைய டிரைவர் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைப்பார். செல்லையா தன் மகள் வீட்டு வாசலில் உட்கார்ந்தே காலத்தைக் கழித்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம் காலைப் பற்றிப் பேச மாட்டார். அத்தான் ஏதாவது சொன்னாரா என்று மட்டும் கேட்பார். முந்தின வருஷம் போய்ச் சேர்ந்தார்.

போன ஆவணியில் அக்கா மகள் கல்யாணம். பந்தி முடிந்து மண்டபத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, அத்தான் தன் பழைய வண்டிக் கதைகளைச் சம்பந்தி வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஒருநா இவன் மேல இருந்து தட்டுதான். எனக்கு அது பாட்டுல வாற மேளம்னுல்லா பட்டுது. நல்லா வாசிக்கானேன்னு நானும் ஸ்டீரிங்ல தாளம் போட்டுக்கிட்டே போறேன்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அக்காவும் சிரித்தாள். நான் எழுந்து, இதைச் செல்லையா இருக்கும்போதே சொல்லியிருக்கலாமே அத்தான் என்றேன்.

சிரிப்பு அடங்காமலேயே அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தச் செல்லையா?"