எதிர்ச்சரிவுக்குக் கேட்கும் குரல்

எங்கள் ஊரில் வீடு ஒரு சரிவில் இருந்தால் மிளகுக்காடு எதிர்ச்சரிவில் இருக்கும். நடுவில் பள்ளம், பள்ளத்தில் ஓடை. கொல்லிமலையில் பாதி ஊர்கள் இப்படித்தான். ஒரு சேதி சொல்ல இறங்கி ஏறுவதற்குள் சோறு ஆறிவிடும். போன் போடலாமென்றால் சிக்னல் கிடைப்பது பெரிய பலாமரத்தடியில் மட்டும்தான். அதனால் நாங்கள் கூப்பிடுவோம். வாசலின் கடைசியில் நின்று, வாயருகே இரண்டு கையையும் குவித்து, கடைசி எழுத்தை இழுத்து நீட்டி ஒரு குரல். பனி மூடி எதிர்ச்சரிவே தெரியாத நாளிலும் அது போய்ச் சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் மத்தியானக் குரல் அக்கா மகளுடையது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அவளை முந்திக்கொண்டு வேறு யாராவது கூப்பிட்டுவிட்டால் அன்றைக்குச் சாப்பிடவே மாட்டாள்.

“அப்போவ்வ்... சோறாயிருச்சு, வாங்கோவ்வ்!”

ஒரே மூச்சு. நடுவில் ஒரு வெட்டு கிடையாது. எதிரே மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறித்துக்கொண்டிருக்கும் மாமா, “வாரேன் சாமீய்ய்” என்று பதில் கொடுப்பார். பக்கத்துக் காடுகளில் வேலை செய்பவர்களும் இவள் குரலைக் கேட்டுத்தான் சோத்துப் போசியைத் திறப்பார்கள்.

அந்தக் குரல் புறப்படும் நெஞ்சில்தான் ஆஸ்துமா இருந்தது. ஊரில் இழுப்பு என்பார்கள், ஆஸ்பத்திரியில் வீசிங் என்பார்கள். நான் விலங்கியல் படித்துவிட்டு, வேலைக்கான தேர்வுகளுக்குப் படிக்கிறேன் என்ற பேரில் அக்கா வீட்டில் இருந்தேன். கால் ஓரிடத்தில் நிற்காத எனக்கு இது போதாதா? பலாமரத்தடியில் நின்று நுரையீரலைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். படித்ததையெல்லாம் வீட்டில் வந்து ஒப்பித்தேன். குழந்தை தும்மினால் நான் செருப்பைத் தேடுவேன்.

“ஏம்மா டாக்டரம்மா, தும்மலுக்கெல்லாம் வண்டியெடுத்தா நாம ஆஸ்பத்திரிலயே குடியிருந்துக்கலாம்” என்பார் மாமா.

மலைமேல் இருக்கும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தின் டாக்டர் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வந்த பெண். நடு மத்தியானத்திலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். நாங்கள் வெறும் சளிக்காக இன்னொரு முறை போய் நின்றபோது அவர் சிரித்தார். ஆனால் கேலி செய்யவில்லை.

“வர்றதுல தப்பே இல்லைங்க. ஆனா எதுக்கு ஓடி வரணும்னு மட்டும் தெளிவா வெச்சுக்குங்க. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்கு நடுவுல குழி விழுது, மூக்கு விடைக்குது, ஒரு வாக்கியத்த முழுசா பேச முடியல, இந்த நீல இன்ஹேலர் பம்ப் குடுத்தும் அடங்கல, இல்ல அடங்கி கொஞ்ச நேரத்துலயே திரும்ப வருது. இதுல ஒண்ணு இருந்தாலும் யோசிக்காம கிளம்பிடுங்க. உதடு நீலமாகட்டும்னு காத்திருக்கக் கூடாது.”

தெளிவுதான். ஆஸ்பத்திரியில் எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒரு கண்ணாகிவிட்டது. “எனக்கு எப்பப் பாத்தாலும் குழி உழுகற மாதிரித்தான் தெரியுது, புள்ள அவ்வளவு ஒல்லி” என்றாள் அக்கா. மாமாவுக்கு எப்போது பார்த்தாலும் ஒன்றுமே தெரியவில்லை.

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தெரிகிற ஒன்று வேண்டும் என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு மத்தியானம் அவள் வாசலில் நின்று கூப்பிட்டாள். நான் கையிலிருந்த கரண்டியோடு வெளியே ஓடினேன். ஒரு முழு வாக்கியம்! ஒரே மூச்சில்! அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி!

“இதான் மாமா நம்ம ஊட்டு மீட்டர்” என்றேன் சாப்பாட்டின்போது. “மத்த அறிகுறி எது தெரிஞ்சாலும் கெளம்பறோம். தெரியுதா இல்லையான்னு நமக்குள்ள சண்டை வந்தா, அவளக் கூப்புடச் சொல்றோம். கொரல் உடைஞ்சா அதுக்கு மேல பேச்சே கெடையாது.”

“மைக் செட்டு டெஸ்டிங்கா?” என்று மாமா சிரித்ததில் சாமைச் சோறு புரையேறிவிட்டது. தண்ணீர் குடித்து முடித்துவிட்டு, “செரி, அவ கூப்புட முடியலைன்னா நான் மறுபேச்சு பேசாம வண்டிய எடுக்கறேன், போதுமா?” என்றார். குழந்தைக்கு ஒரே பெருமை. தன் குரலுக்கு வீட்டில் பதவி கிடைத்துவிட்டதல்லவா!

அப்புறம் அந்த நாள் வந்தது. தை மாதம், மிளகு பறிப்பு மும்முரம். முந்தின நாள் வாசலில் மிளகுச் சரங்களைக் கொட்டி மிதித்து மணி உதிர்த்திருந்தோம். அந்தத் தூசியும், காலையிலிருந்து விலகாத பனியும் சேர்ந்துகொண்டன. எழுந்ததுமே அவள் நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவது போல் சத்தம். பம்பை, டாக்டர் அதோடு கொடுத்திருந்த நீளக் குழாயில் மாட்டிக் கொடுத்தேன். அடங்கியது. மாமா காட்டுக்குப் போகுமுன் மிளகுக் கஷாயம் வைத்து இறக்கினார்.

“என்ற மொளகுக்கு அசையாத இழுப்பா?” என்று மீசையைத் தடவிக்கொண்டே போனார்.

வெயில் ஏற வேண்டிய நேரத்தில் இழுப்பு மறுபடி வந்தது. மறுபடி பம்ப் கொடுத்தேன். இந்தமுறை பாதிதான் அடங்கியது.

“அக்கா, கெளம்பலாம். திரும்ப வந்தா கெளம்பணும்னு டாக்டர் சொன்னாங்கல்ல?”

“பனி வெலகட்டும் புள்ள. இந்தப் பனிக்காத்துல கொண்டுபோனா இருக்கறதும் போயிரும்.”

எங்கள் மலையில் நெஞ்சுக்கு வரும் எல்லாவற்றுக்கும் பனிமேல்தான் பழி. பனி விலகினால் சரியாகும் என்று உட்கார்ந்திருப்பதும் வழக்கம்தான். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கினேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள். சண்டை முற்றப்போகும் நேரத்தில் சட்டென்று அவள் முகம் மலர்ந்தது.

“கேளு. சத்தம் நின்னு போச்சு! கண்ணு, செரியாயிருச்சா சாமி?”

உண்மைதான். பூனைக்குட்டிச் சத்தம் இல்லை. அக்கா பெருமூச்சு விட்டாள். எனக்கும் ஒரு நொடி நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தை பதில் சொல்லவில்லை. கயிற்றுக் கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் இரண்டும் காதை நோக்கி ஏறி ஏறி இறங்கின. கழுத்துக்குக் கீழே குழி. இழுப்பு நின்றால் உடம்பு தளர வேண்டும், இவள் உடம்பு இன்னும் மலை ஏறிக்கொண்டிருந்தது. காற்று உள்ளே போவதே குறைந்துவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? படித்தது பளிச்சென்று வந்து நின்றது.

“அக்கா, இது செரியானது இல்ல. இது மோசமானது.”

“நீ வேற! சத்தமிருந்தாலும் பயப்படற, சத்தமில்லைன்னாலும் பயப்படற.”

விளக்கம் சொல்ல நேரமில்லை. “கண்ணு, அப்பாவ ஒருக்கா கூப்புடு” என்றேன்.

கட்டிலில் உட்கார்ந்தபடியே அவள் கையைக் குவித்தாள். “அப்...” அவ்வளவுதான். அடுத்த எழுத்துக்கு மூச்சு இல்லை. என்னைப் பார்த்தாள்.

“சித்தி... இன்னிக்கி... நீ... கூப்புடு.”

யாருக்கும் விட்டுக்கொடுக்காததை எனக்குக் கொடுத்துவிட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, பொய் சொல்லாமல், அழாமல், தனக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் பனியைப் பற்றிப் பேசவில்லை.

நான் வாசல் கடைசிக்கு ஓடினேன். எதிரே வெள்ளைத் திரைதான். “மாமோவ்வ்! வண்டிய எடுக்கோணும், வாங்கோவ்வ்!”

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. “பனி வெலகட்டும்மாவ்வ்!”

“அவ கூப்புடல மாமோவ்வ்!”

ஏணி எதன்மேலோ சரிந்து விழும் சத்தம் கேட்டது. ஓடையைத் தாண்டி மேலே வந்தபோது மாமாவின் ஒரு காலில் செருப்பு இல்லை. சொன்ன சொல் மாறாமல், ஒரு வார்த்தை பேசாமல் பிக்கப் வண்டியின் சாவியை எடுத்தார்.

அக்கா மடியில் அவளை நிமிர்த்தி உட்காரவைத்துக்கொண்டாள். படுக்க வைக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். டாக்டர் சொல்லிக் கொடுத்திருந்தபடி வழியெல்லாம் விட்டு விட்டு பம்ப் கொடுத்துக்கொண்டே போனேன். மாமா முகப்பு விளக்கைப் போட்டு, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்து ஓட்டினார்.

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவர் உடனே ஆக்சிஜன் கேட்டார். நெபுலைசர் முகமூடியிலிருந்து புகை கிளம்பியது. தேவைப்பட்டால் கீழே கொண்டுபோக வாசலில் ஆம்புலன்ஸை நிறுத்திவைத்தார்கள். முதல் மருந்து முடிந்து இரண்டாவது போய்க்கொண்டிருக்கும்போது அந்தப் பூனைக்குட்டிச் சத்தம் திரும்பி வந்தது. அக்கா பதறினாள்.

“பதறாதீங்க. காத்து உள்ள போக ஆரம்பிச்சிருக்கு, அதான் சத்தம்” என்றார் டாக்டர். பிறகு எங்களைத் திரும்பிப் பார்த்து, “சத்தம் நின்னதும் சரியாச்சுன்னு வீட்டுலயே இருந்துடுவாங்க பல பேர். யாரு கிளம்பச் சொன்னது?” என்று கேட்டார்.

அக்கா என்னைக் காட்டினாள். மாமா, “எங்க டாக்டரம்மாதானுங்க” என்றார். அன்றைக்கு அந்தப் பட்டத்தில் கேலி இல்லை. நான் குழந்தையைக் காட்டினேன். முகமூடிக்குள் அவள் கண் சிரித்தது. ஆம்புலன்ஸ் காலியாகவே திரும்பிப் போனது.

அதற்குப்பின் தினமும் எடுக்க வேண்டிய பம்ப் ஒன்று வந்தது. மிளகு மிதிப்பது வீட்டைவிட்டுத் தள்ளி, கீழ்க்களத்துக்குப் போனது. மாமா கஷாயம் வைப்பதை நிறுத்தவில்லை. இப்போது அதை அவரே குடிக்கிறார். எதிர்ச்சரிவுக்காரர்கள் சந்தையில் என்னைப் பார்த்தால், “ஏனுங்கம்மிணி, பாப்பா நேத்துக் கூப்புடக் காணோமே, நல்லாருக்குதுங்களா?” என்று கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் போயிருந்தாள் என்று சொன்ன பிறகுதான் நகர்கிறார்கள். ஒரு மலைச்சரிவே ஒரு குழந்தையின் மூச்சைக் காதில் வைத்துக்கொண்டிருக்கிறது. பரீட்சை எதிலும் நான் இன்னும் தேறவில்லை, ஆனால் இந்த ஒன்றில் தேறியிருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்வேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில நாள் அவளைக் கூப்பிட விடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தபோது, அவளாகவே வாசல் கடைசிக்குப் போய்க் கையைக் குவித்தாள்.

“அப்போவ்வ்... சோறாயிருச்சு, சித்தி இன்னிக்கி ரொம்ப மோசமா கொழம்பு வெச்சிருக்கா, சூடா இருக்கறப்பவே தின்னுட்டுப் போயிருங்கோவ்வ்!”

எதிர்ச்சரிவு முழுக்கச் சிரிப்பு. குழம்பைச் சொன்னதற்குக் கோபப்பட எனக்கு நேரமில்லை. குரல் எங்கே உடைகிறது என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன். உடையவே இல்லை.