நான் ஏறாத மாடி

தஞ்சாவூரில் அந்த வீட்டை வாடகைக்கு விடத்தான் வாங்கினோம். வாடகை வர ஆரம்பித்துவிட்டால் துபாய் வேலையை விட்டுவிட்டுக் கூத்தாநல்லூருக்கே வந்துவிடுகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். அதனால் அந்த வீட்டுக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அவருக்குத் துபாயில் வேலையே மொட்டைமாடிகளில் தண்ணீர் இறங்காமல் தளம் பூசுவது. அதுவும் வருஷத்தில் ரெண்டு நாள் மழை பெய்கிற ஊரில்! அதைச் சொல்லி நான் கேலி செய்யாத நாளில்லை.

வீடு பார்க்கப் போனது சித்திரை மாதம், உச்சி வெயில். காலி வீட்டில் புது வெள்ளையடிப்பின் வாசனை. ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் பெட்டியோடு வந்திறங்கும் நாளைக் கண்ணைத் திறந்துகொண்டே கனாக் கண்டேன். கூடத்துச் சிமென்ட் தரையின் நடுவில் வெளிறிய வட்டம் ஒன்று இருந்தது. "தண்ணிக் குடம் வச்சிருப்பாங்கம்மா" என்றார் புரோக்கர். நானும் அதைக் கால் விரலால் சுற்றிச் சுற்றி வரைந்துகொண்டிருந்தேன்.

போனில் அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மாடிக்கு ஏறிப் பாத்தியா புள்ள? விரிசல் இருக்கா?"

செருப்பை வாசலில் விட்டிருந்தேன். மேல் தளத்தில் ஒரு காலை வைத்ததுமே பொசுக்கிவிட்டது. இறங்கிவிட்டேன். "பாத்தாச்சு மச்சான், பளிங்கு மாதிரி இருக்கு" என்றேன். கீழே போய் மாட்டிக்கொண்டு வர எத்தனை நேரம் ஆகியிருக்கும்? அந்தச் செருப்பாலேயே என்னை அடிக்கவேண்டும்.

ஐப்பசி மழையில், அந்த மாதம்தான் குடிவந்திருந்த நர்ஸ் கூப்பிட்டாள். "அக்கா, கொஞ்சம் வந்து பாருங்க." போனேன். கைக்குழந்தையின் தூளியைச் சுவரோரம் நகர்த்திவிட்டு, கூடத்தின் நடுவில் வாளி வைத்திருந்தாள். வாளி அந்த வட்டத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. ஐயோ, இனி அவர் எங்கே வருவது!

அவர் திட்டவில்லை. தை பிறந்ததும் இரண்டு மாத லீவில் வந்தார். மாடியில் பதித்திருந்த பழைய தட்டோட்டைப் பெயர்த்து, விரிசலை அடைத்து, தானே கூட நின்று புதுத் தளம் போட்டார். நான் தினமும் டிபன் கேரியரோடு பஸ் ஏறுவேன். வடுவூர் ஏரியில் பறவைகள் எழும்புவதைப் பார்த்துக்கொண்டே போவேன். அவர் கையெல்லாம் சாந்து, நான்தான் ஊட்டிவிடுவேன். கல்யாணமான புதிதில்கூட எங்களுக்கு அப்படி வாய்க்கவில்லை.

கடைசி நாள், வேலை முடிந்து கை கழுவும்போது கேட்டார். "அன்னைக்கு நீ ஏறவே இல்லதானே?"

"செருப்பு போடல மச்சான். சுட்டுச்சு."

"உன் கால் சூடு தாங்காதுன்னு எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். கையிருப்பெல்லாம் மாடிக்குப் போய்விட்டது. இன்னும் இரண்டு வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

அடுத்த ஐப்பசியில் நர்ஸ் கூப்பிட்டாள். "ஒரு சொட்டு ஒழுகலக்கா!" மறுநாளே போனேன். வெறுங்காலோடு மாடியேறினேன். நல்ல மழை. குடைக்குள் போனைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், மாடில நிக்கிறேன். சத்தியமா நிக்கிறேன்" என்றேன்.

"மழைச் சத்தம் கேக்குது. வச்சுடாத புள்ள."

குடையைச் சாய்த்து அவரை மழையைக் கேட்கவிட்டேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "கால் சுடலையே?"

"சுடல. வந்துடுங்க மச்சான்."