ஒரு லேண்ட்மாஸ்டர் ஹஸ்க்

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் கேட்டால் இன்னும் மோசமாக இருக்கும். தோலுக்குப் பூசும் கிரீம், ஜெல் செய்கிற இடத்துக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு லேண்ட்மாஸ்டர் கை டிராக்டர் நிறையத் தேங்காய்ப் பொச்சு மட்டை ஏற்றிக்கொண்டு போனவன் நான்.

என்னை அண்ணன் முறைக்கு நானா என்று கூப்பிடும் முதலாளி சரீனா மிஸ் போனில் சொன்னது இவ்வளவுதான்: "நானா, வரக்குள்ள கொஞ்சம் ஹஸ்க் எடுத்துட்டு வாங்க." கற்பிட்டிப் பக்கம் பொச்சிலிருந்து நார் எடுக்கும் தும்பு மில்லிலேயே காலம் தள்ளியவனுக்கு ஹஸ்க் என்றால் வேறென்ன?

வாசல் கேட்டடியில் மிஸ் லேண்ட்மாஸ்டரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இதென்ன நானா?"

"ஹஸ்க் மிஸ். நல்லாக் காஞ்சது."

உள்ளே கூட்டிப் போய், அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் பைக்கற்றை எடுத்துக் காட்டினார். உள்ளே மெல்லிய வெள்ளைச் செதில்கள். "இதுதான் ஹஸ்க். இசப்கோல்."

"இது வயித்துக்குக் கலக்கிக் குடிக்கிற சாமானெல்லோ?"

"குடிச்சா வயித்துக்கு, பூசினா தோலுக்கு. விதையிட மேல்தோல் இது. தண்ணியைக் குடிச்சு ஜெல்லாகும். அந்த ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும்."

பொச்சைக் கேட்டடியிலேயே கொட்டினோம். நான் உள்ளே போய் ஜெல் கலக்குகிற மிக்சர் மெஷினைப் பிடித்தேன்.

ஊறட்டும் என்று சொன்னால் ஊறட்டும்

வெள்ளைக்காரர்கள் காற்றாடி கட்டிக் கடலில் சறுக்க வருகிற ஒரு ஹோட்டல், வெயிலில் சிவந்த தோலுக்கு ஜெல் கேட்டிருந்தது. ஜெலற்றின் கூடாது, எல்லாம் செடியிலிருந்தே வர வேண்டும். சாம்பிள் பிடித்தால் சீசன் முழுக்க ஓடர். பிடிக்காவிட்டால் மிக்சரை விற்றுவிடுவதாக மிஸ் சொல்லியிருந்தார். மிக்சர் போனால் நானும் போக வேண்டியதுதான்.

"அளந்து வெச்ச ஹஸ்க்கைக் கிளிசரின்ல குழைச்சிட்டுத் தண்ணியில போடுங்க, கட்டி படாது. பிறகு ஊறட்டும், கை வைக்காதீங்க" என்றார் மிஸ்.

குழைத்தேன், போட்டேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் கஞ்சித்தண்ணி. இன்னும் ஒரு பிடி போட்டேன். அப்போதும் ஓடியது. இன்னொரு பிடி. பம்ப் போத்தல்களில் நிரப்பியபோது அழகாகத்தான் இறங்கியது.

மறுநாள் ஹோட்டலில் மனேஜர் அன்டன் பம்பை அமத்தினார். வரவில்லை. மூடியைக் கழற்றிப் போத்தலைக் கவிழ்த்தார். உள்ளே இருந்தது அசையவே இல்லை.

"என்னண்ணே, வட்டிலப்பம் புடிங்கா கொண்டு வந்தீங்க?"

விடுவேனா? "சேர், இது அள்ளிப் பூசுற ஜெல்!" என்று கரண்டியால் தோண்டி என் முகத்தில் அப்பினேன். கடற்கரைக் காற்றில் அது மளமளவென்று காய்ந்து, கன்னத்தையும் வாயையும் சேர்த்து இழுத்துப் பிடித்தது. சிரிக்க முடியவில்லை. வாயைத் திறந்தால் தோலே கிழியும் போலிருந்தது.

"நாளைக் காலையில பம்பால வாற ஜெல் கொண்டு வருவீங்களா? இல்லாட்டி வேற ஆளைப் பார்க்கவா?"

சொல்ல நாலு சாக்கு வைத்திருந்தேன். ஒட்டிய வாய் திறந்தால்தானே. தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்று திரும்பிப் போய் மிஸ் அளந்து தந்ததற்கு மேல் ஒரு செதில்கூடப் போடவில்லை. கைகளைக் கதிரைக்கும் எனக்கும் நடுவில் வைத்து அமத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஞ்சித்தண்ணி தானாகவே தடித்து ஜெல்லானது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: இசப்கோல் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அது எவ்வளவு தடிக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி நடக்காதீர்கள்.

காலையில் அன்டன் ஒரே அமத்து அமத்தினார். உள்ளங்கையில் பளபளவென்று வந்து விழுந்தது. கையில் தேய்த்துப் பார்த்தவர், சீசனுக்கான ஓடரை அங்கேயே எழுதினார்.

திரும்பி வந்து நெஞ்சை நிமிர்த்தினேன். "மிஸ், ஓடர் நமக்குத்தான்! இனி என்னைக் கெமிஸ்ட் எண்டே கூப்பிடலாம். இந்த ஹஸ்க்கைப் பத்தி எனக்குத் தெரியாதது ஒண்டுமில்ல!"

மிஸ் லேபல் ஒட்டுவதை நிறுத்தவில்லை.

"அப்ப கேட்டடியில கிடக்கிற ஹஸ்க்கை அள்ளுங்க, நானா."