நானே போட்டுக்கிட்ட ஆறு மணி

எனக்குப் பள்ளிக்கூடம் கெடையாதுங்க. நம்பர் மட்டும் எழுதுவேன். உடுமலைப்பேட்டையில தேங்கா லோடு எண்ணப் போனப்ப பழகுனது. அங்க ஒரு டிரைவர் இருந்தாரு, வாய் தொறந்தா வெத்தலை எச்சி நம்ம மேலதான்... செரி, அது கெடக்கட்டும். அந்த நம்பரை வெச்சுத்தான் அவிநாசிப் பக்கம் ஒரு மில்லுல கேட் வேலை கெடச்சுது.

ஒருநா பொழுதோட, சாயந்தரம் அஞ்சரைக்கு மில்லு மெஷினெல்லாம் ஒரே மட்டா நின்னுபோச்சு. ஆரோ கம்ப்யூட்டர்ல இருந்து கண்டதை அனுப்பிப்போட்டாங்கன்னு பேச்சு. கம்ப்யூட்டருக்குள்ள வர்றது போறதையெல்லாம் எழுதி வெக்கிற லாக்குன்னு ஒண்ணு இருக்குதாமுங்க. அதுல நூல் சோதிக்கிற அம்மணியோட கம்ப்யூட்டர் நம்பர் உழுந்திருக்குது.

அடுத்த நாள் அந்தம்மணி, "நான் நாலரைக்கே போயிட்டனுங்க"ன்னு அழுதுச்சு. மேனேஜரு என்ற கேட் நோட்டைப் பொரட்டுனாரு. அந்தம்மணி வரியில வெளிய போன நேரம் ஆறு.

"பெரியவரு பொய் எழுதுவாரா? நீ நாளைக்கு வர வேண்டாம்"னாரு.

அவசரமாப் போறவங்களை நிறுத்திக் கையெழுத்துக் கேக்க எனக்கு மனசு வராது. "நீங்க போங்கம்மணி, நாம் பாத்துக்கறேன்"னு அனுப்பிப்போட்டு, தெனமும் போற நேரத்தை அப்பறமா நானே போட்டுருவேன். கட்டம் காலியாக் கெடந்தா மேனேஜரு வைவாரு.

அன்னைக்குக் கோயமுத்தூர்ல இருந்து கம்ப்யூட்டர் பாக்கற அம்மா வந்தாங்க. பொட்டியை நோண்டிப் பாத்துட்டு, "கம்ப்யூட்டருங்க ஒண்ணுக்கொண்ணு அனுப்பிக்கிற சேதித் துண்டைப் பாக்கெட்டும்பாங்க, இந்தப் பாக்கெட் மொட்டையா வந்திருக்குதுங்க. ஆரு அனுப்புனதுங்கற எடத்துக்கு முன்னாலயே அறுந்துபோச்சு. பொட்டியை ஓட்டற கெர்னல்ங்கற அடிப் புரோகிராமுக்குள்ள லாக் எழுதற பகுதி, நீளத்தைப் பாக்காம அந்த எடத்தைப் படிச்சிருக்குது. முந்துன பாக்கெட்டோட மிச்சம் அங்க கெடந்துச்சு. அதுதான் இந்தம்மணி நம்பர்"னாங்க.

"அப்ப லாக்கும் பொய் சொல்லுமாக்கும்?"

"பொய்யில்லீங்க. இல்லாததை இருக்கறாப்பல நெரப்பிப்போட்டுது. மொட்டையா வந்தா 'குறை'ன்னு எழுதிட்டு மிச்சத்தைக் காலியா உடறாப்பல மாத்திடறேன்."

நெரப்பிப்போட்டுதுன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

மேனேஜரு அதோட உடலை. "லாக்கை உடுங்க. நாலரைக்குப் போனன்னு இவ சொன்னது பொய்தானுங்களே? நோட்டு ஆறுங்குது."

அந்தம்மணி என்னையே பாத்துச்சு. சொன்னா என்ற வேலை போகும், சொல்லாட்டி அவ வேலை போகும்.

"அந்த ஆறு நானாப் போட்டதுங்க. எப்பப் போச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க."

"ஏனுங்க பெரியவரே, அப்ப நோட்டு எதுக்கு, ஈ ஓட்டவா?"ன்னாரு மேனேஜரு. ஆரும் சிரிக்கலை. அவளையும் வேலைய உட்டு அனுப்பலை, என்னையும் அனுப்பலை.

அதுக்கு மக்யா நாள் பொழுதோட அந்தம்மணி கேட்டுக்கு வந்துச்சு. "போங்கம்மணி"ன்னு வாய் வரைக்கும் வந்துருச்சு. அது என்ற மூஞ்சியப் பாக்காமயே கையை நீட்டுச்சு.

"பேனாவைக் குடுங்க. நேரத்தை நானே போட்டுக்கறேன்."

குடுத்தனுங்க.