விளக்கெண்ணெய் கொடுக்காத காலை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நேற்று சாப்பிட்டதே மறந்து போகிறது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இது மட்டும் மறக்கவில்லை.

நிஜாம் ஆட்சி முடிய இன்னும் சில வருஷங்கள் இருந்தன. செகந்தராபாத்தில் ரயில்வே பட்டறைக்குப் பின்னால் லைன் வீட்டில் இருந்தோம். அப்பா பட்டறையில் மேஸ்திரி. எனக்கு ஒரே தங்கை. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. சுவர்ச் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்பாள். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பாள். எவ்வளவு போட்டாலும் "இன்னும்" என்று தட்டை நீட்டுவாள்.

"உள்ள யாருக்குடி பந்தி வைக்கிற?" என்று அம்மா கிண்டல் செய்வாள்.

ஒருநாள் நாலா என்கிற சாக்கடை ஓடை ஓரம் வெளிக்குப் போனவள் அலறினாள். மண்புழு மாதிரி, ஆனால் வெளுப்பாக, நீளமாக ஒன்று கிடந்தது. அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன். கம்பவுண்டர் அந்த ஊர்க்காரர். எங்கள் ஜனங்களோடு பழகித் தமிழ் பேசுவார். வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைப் பொடிப் பொட்டலம் கொடுத்தார்.

"ராத்திரி இத வெல்லத்துல வச்சுக் குடும்மா. பூச்சி மயங்கும், அவ்ளோதான். வெளிய தள்ளுறது காலையில குடுக்குற விளக்கெண்ணெய். அத மறக்க நக்கோ, மறக்கக் கூடாது."

மறுநாள் காலை அம்மா கரண்டியில் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். தங்கை கண்ணைக் கசக்கினாள்.

"அம்மா, நீ ஏன் மஞ்சளா இருக்க?"

"மூஞ்சி கழுவாம உளறாதடி."

"சுவரும் மஞ்சள். அக்காவும் மஞ்சள்."

அது ஆடி மாதம், அந்த ஊரில் அம்மனுக்குப் பொங்கல் பானை எடுக்கும் போனாலு சமயம். மஞ்சள் பூசிய பானைகளைத் தலையில் வைத்துக்கொண்டு பெண்கள் தெருவில் போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் லைனிலேயே சில வீடுகளில் அம்மை போட்டிருந்தது. தங்கைக்கும் உடம்பு கதகதவென்று இருந்தது. அம்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுத் தெலுங்குக்காரம்மா எட்டிப் பார்த்தாள்.

"அம்மவாரு வந்திருக்கா அக்கா! எண்ணெயக் கிட்ட கொண்டுவராதே."

அம்மை இறங்கிய வீட்டில் எண்ணெய் கூடாது, மருந்தும் கூடாது. அம்மா விளக்கெண்ணெயைக் கொட்டிவிட்டு வாசலில் வேப்பிலை செருகினாள். அப்பாவும் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

மத்தியானம் வலி தொடங்கியது. வயிற்றில் கை வைத்தால் சுருட்டிய கயிறு மாதிரி கட்டியாகத் தட்டுப்பட்டது. மறுநாள் பச்சையாக வாந்தி எடுத்தாள். பிறகு வாந்தியில் பூச்சியே வந்தது. அப்பா கம்பவுண்டரைக் கூப்பிட ஓடினார். அவர் வருவதற்குள் தங்கை போய்விட்டாள். உடம்பில் ஒரு முத்துகூட இல்லை.

"உள்ளேயே இறங்கிட்டா ஆத்தா" என்றாள் அம்மா.

கம்பவுண்டர் வாசலில் வேப்பிலையைப் பார்த்தபடியே நின்றார். அப்பா நடந்ததைச் சொன்னார்.

"அந்தப் பொடி தின்னா மஞ்சளாத்தான் தெரியும் மேஸ்திரி. தானா போயிடும். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "அவகிட்ட சொல்லிடாதீங்க. சாமி எடுத்துக்கிச்சுன்னே இருக்கட்டும்."

அம்மா சாகும்வரை ஆடியில் கூழ் ஊற்றினாள். தங்கைக்கென்று ஒரு கிண்ணம் தனியாக வைப்பாள். "இன்னும்"னு கேப்பாளே என்று மேலே ஒரு கரண்டி விடுவாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார். நானும் வாய் திறந்ததில்லை.

இப்போது இரண்டு பேருமே இல்லை. சாயங்கால வெயில் சுவரில் விழுந்தால் நான் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறேன். அப்போதும் சுண்ணாம்பைச் சுரண்டுகிற சத்தம் கேட்கிறது.

படித்தவர்கள் யாராவது பழைய மருந்துப் புத்தகம் பார்த்துச் சொல்லுங்கள். பூச்சிப் பொடி தின்றால் மஞ்சளாகத் தெரியுமா? பொடி வெள்ளைதானா, வெல்லத்தில்தான் கொடுப்பார்களா, என் ஞாபகம் சரிதானா என்பதையும் பாருங்கள். கம்பவுண்டர் சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்றுதான் கேட்டேன்.