மெரியானா பிரித்த எஞ்சின்

வைகாரா விரிகுடாவில் கார் வைத்திருந்த எல்லாரும் ஒருமுறையாவது மெரியானாவிடம் திட்டு வாங்கியிருந்தார்கள். மரம் ஏற்றும் லாரிகளின் பணிமனையில் இளமையைக் கழித்துவிட்டு ஊர் திரும்பியவள் அவள். முன்பு ஆட்டு மயிர் கத்தரிக்கப் பயன்பட்ட பழைய கொட்டகையை ஒர்க்‌ஷாப் ஆக்கிக்கொண்டாள். "பம்ப்பு போயிருக்கும் மெரியானா" என்று யாராவது வந்து நின்றால், "இருக்கும்னா? கண்ணால பாத்தியா?" என்பாள்.

அந்தக் கொட்டகைக்கு ஒரு வெள்ளிக்கிழமை ஊர்ப் பொது வேனை டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார்கள். சிறுநீரகம் கெட்டவர்களை வாரத்தில் மூன்று நாள் மலைதாண்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும் வேன். ரத்தம் சுத்திகரிக்கும் எந்திரம் அங்கேதான் இருந்தது. வேனை ஓட்டுபவன் அவளுடைய சொந்த அண்ணன் ஹோஹேபா.

"பெல்ட் அறுந்துபோச்சு பிள்ள. அவ்வளவுதான். புதுசு ஒண்ணு மாட்டிவிடு, திங்கக்கிழமை கிளம்பணும்."

"தண்ணி பம்ப்பும் அந்த பெல்ட்லதாண்ணே ஓடுது. சூட்டு ஊசி சிவப்புக்கு ஏறிச்சா?"

"ஏறின உடனே நிறுத்திட்டேன்" என்றான் ஹோஹேபா, வேனின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு.

நகரத்து கராஜ்காரர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: எஞ்சின் போயிருக்கும், மாற்றுங்கள். புது எஞ்சின் கப்பலில் வந்து சேர மாதக்கணக்காகும். அதுவரை நோயாளிகளை யார் கூட்டிப்போவது? மெரியானா போனை வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்தாள். "முதல்ல நான் பாக்குறேன். பாத்துட்டு, செத்துப்போச்சுன்னா நானே சொல்றேன்."

பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும் சிறு உருளை இறுகிப்போய்க் கிடந்தது. பெல்ட்டை அறுத்தது அதுதான். கிழிந்த நார் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கின் புல்லிக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு, அங்கிருந்த ஆயில் கசியாமல் தடுக்கும் சீல் வளையத்தையும் கடித்திருந்தது. நாரை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெரிய ஸ்பானரை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தபோது எஞ்சின் சுற்றியது. இறுகிவிடவில்லை. அளவுக்கம்பியில் ஆயில் கறுப்பாகவே இருந்தது, தண்ணீர் கலந்து பால்போல் வெளுக்கவில்லை. பின்னால் நின்ற ஹோஹேபா பெருமூச்சு விட்டான்.

"பாத்தியா? நான்தான் சொன்னேனே."

"இன்னும் ஒண்ணும் தெரியலண்ணே. சும்மா இரு."

பிளக்குகளைக் கழற்றினாள். மூன்றாவது மட்டும் கழுவி வைத்ததுபோல் பளிச்சென்றிருந்தது. தண்ணீர் உள்ளே போயிருந்தால்தான் அப்படி ஆகும். சிலிண்டர்களின் அழுத்தம் அளந்தாள். மூன்றாவதும் நான்காவதும் பாதிகூட ஏறவில்லை. இரண்டுக்கும் நடுவே, கசியாமல் அடைக்கும் கேஸ்கட் தகடு வெந்துபோயிருந்தது. அதுவரைக்கும் ஹோஹேபா சொன்னதோடு ஒத்துப்போனது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சமப்படுத்தி, புது கேஸ்கட் வைத்து மூடிவிடலாம்.

ஆனால் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டபோது அவள் கை நின்றது. குழாய் இளகி, வாய்ப்பக்கம் தொங்கிப்போயிருந்தது. பக்கத்து பிளாஸ்டிக் மூடி உருகி வழிந்து இறுகியிருந்தது. உடனே நிறுத்திய வண்டியில் இவ்வளவு சூடு வராது.

மறுநாள் காலையில் ஹோஹேபா பொரித்த ரொட்டியும் அவித்த மட்டியும் கொண்டுவந்தான். அவள் தொடவில்லை.

"அண்ணே, எவ்வளவு தூரம் ஓட்டினே?"

"சொன்னேன்ல?"

"நீ சொன்னத நம்பி நான் மேல மட்டும் சரிபண்ணி மூடிடுவேன். அடியில பேரிங் தேஞ்சிருந்தா, மலை நடுவுல எஞ்சின் உடையும். உள்ள யாரு உக்காந்திருப்பா? நீ ஏத்திட்டுப்போற ஆளுங்க."

ஹோஹேபா வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தான்.

"மேட்டுல ஏறும்போதே பெல்ட் போச்சு. ஸ்டீயரிங் கல்லு மாதிரி ஆயிடுச்சு. நிறுத்தத்தான் போனேன் பிள்ள. திரும்பிப் பாத்தா தூரி மாமா சீட்ல சரிஞ்சு கிடக்காரு, உதடு நீலம் பாய்ஞ்சிருக்கு. போன்ல சிக்னல் இல்ல. கீழ கிளினிக் வரைக்கும் ஓட்டிட்டேன். புகை கண்ண மறைச்சுது. ஊர் வண்டிய நான் எரிச்சுட்டேன்னு எப்படிச் சொல்றது?"

வேனில் போய்வரும் நோயாளிகளில் ஒருவரான தூரி, ஆட்டு மயிர் கத்தரித்தே வாழ்ந்தவர். உடல் ஓய்ந்தும் வாய் ஓயாதவர். இப்போது கிளினிக்கில் படுத்துக்கொண்டு நர்ஸை வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

மெரியானா ஒரு ரொட்டியை எடுத்துக் கடித்தாள். "மடையா! இத நேத்து வந்ததுமே சொல்லியிருந்தா அப்பவே அடிப்பக்கம் இறங்கியிருப்பேன்ல? எந்திரி. ஜாக்கிய எடு."

இருவரும் சேர்ந்து அடியிலிருந்த ஆயில் தொட்டியான சம்ப்பை இறக்கினார்கள். ஆயிலில் உலோகம் தேய்ந்த வெள்ளித்தூள் மின்னியது. பேரிங் பட்டைகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டில் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்மானம். கிராங்கை விரல் நகத்தால் வருடினாள், திரும்பவும் வருடினாள். நகம் எந்தக் கீறலிலும் சிக்கவில்லை. சிலிண்டர் சுவர்களும் வழவழவென்றே இருந்தன.

"பொழச்சுக்கும்" என்றாள் மெரியானா. முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள்.

திங்கட்கிழமை வேன் போகவில்லை. புது பேரிங் வந்து, சமப்படுத்த அனுப்பிய ஹெட்டும் திரும்பி வரும்வரை உறவுக்காரர்கள் முறைவைத்துத் தங்கள் கார்களில் நோயாளிகளைக் கொண்டுபோனார்கள். நடந்ததை ஹோஹேபா ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று தானே சொன்னான். யாரும் அவனிடம் வேன் சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை.

வேன் மறுபடி கிளம்பிய அன்று தூரி முன்சீட்டைப் பிடித்துக்கொண்டார். "என்ன மெரியானா, இந்தத் தடவையாவது என்னை முழுசாக் கொண்டுபோய்ச் சேப்பானா உங்கண்ணன்?"

"நீ வாய மூடிட்டு வந்தா சேப்பான் மாமா" என்றபடி பின்னால் ஏறிக்கொண்டாள் அவள். மேடு முழுக்கச் சூட்டு ஊசியையே பார்த்துக்கொண்டு போனாள். ஊசி நடுவிலேயே நின்றது. உச்சி தாண்டி மறுபக்கத்துக் கடல் தெரிந்ததும் தூரி பாட ஆரம்பித்தார். சுதி சேரவே இல்லை. மெரியானா ஜன்னல் கண்ணாடியில் தலையைச் சாய்த்து, நகரம் வரும்வரை தூங்கினாள்.