கூடை விற்க ஹால் கட்டினார்கள்... ஈச்சம்புதர் போச்சு!

போன வாரம் ஒரு திறப்பு விழாவுக்குப் போனேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உத்திரமேரூர் பக்கம், மானாம்பதி தாண்டி ஓர் இருளர் குடியிருப்பு. அங்கே கன்னியம்மாவும் இன்னும் சில பெண்களும் ஈச்ச ஓலையில் கூடை முடைகிறார்கள். சென்னையில் ஸ்வீட் கடை வைத்திருக்கும் என் தோழியிடம் அவற்றைக் காட்டினேன். தீபாவளிக்கு அட்டைப்பெட்டிக்குப் பதில் கூடைதான் என்று பெரிய ஆர்டரே கொடுத்துவிட்டாள். இது நல்லபடியாக முடிந்தால் வருஷம் முழுக்க வேலை. குழந்தைகளை இழுத்துக்கொண்டு செங்கல் சூளைக்குப் போக வேண்டாம்!

இந்த நேரத்தில்தான், ஏதோ ஒரு திட்டத்தில் அவர்களுக்கு விற்பனைக்கூடம் வந்தது. டைல்ஸ், ஃபேன், கண்ணாடி ஷோகேஸ்... எனக்கும் அழைப்பு. ஆசையாகத்தான் போனேன்.

ஏரிக்கரையில் இறங்கியதும் பகீரென்றது. ஹாலைச் சுற்றிக் கரையே மொட்டை. இந்தக் கரையில்தான் ஈச்சம்புதர்கள் இருந்தன. ஒரு புதரில் ஓலை எடுத்தால், அது மறுபடி தழைக்கும்வரை தொடாமல் விட்டுவைப்பார்கள் இந்தப் பெண்கள். ஹால் பக்கம் அந்தப் புதர்கள் ஒன்றுகூட இல்லை.

“முள்ளுப் புதர் மேடம். பாம்பு வரும். ஜேசிபி விட்டு க்ளீன் பண்ணிட்டோம்” என்றார் அதிகாரி, பெருமையாக.

பாம்பு பிடிக்கிற இருளர்களுக்கே பாம்பு பயம் காட்டுகிறார்!

“அப்போ கூடையை எதுல முடைவாங்க?”

“பிளாஸ்டிக் வயர் வாங்கித் தர்றோம் மேடம். ட்ரெய்னிங்கும் உண்டு.”

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. அவர்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா? கேட்டால் என்ன குறைந்துவிடும்?

ரிப்பன் வெட்ட கன்னியம்மாவிடம் கத்தரிக்கோலை நீட்டினார்கள். ஃபோட்டோ வேண்டுமே! அவர் வாங்கவில்லை.

“ஓலை குடுத்துக்கினு இருந்த செடிய வேரோட புடுங்கிட்டு, ரூம்பு கட்டிக் குடுக்கிறியே சார்... உள்ள இன்னாத்த வச்சி விக்கிறது? எங்கள கேட்டியா? வூட்டாண்ட ஒரு கொட்டாய் போதும்னு சொல்லியிருப்போமே!”

அதிகாரி சிரித்துச் சமாளித்தார். ரிப்பனை அவரே வெட்டினார். கைதட்டல் வேறு!

கெடுதல் செய்ய வருகிறவனோடு சண்டை போடலாம். நல்லது செய்கிறேன் என்று வருகிறவர்களை என்ன செய்வது? அவர்களுக்கு மாலை போட்டு நன்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கரையின் மறுமுனையில் கொஞ்சம் புதர்கள் மிச்சம். “பாதி ஆர்டராவது தேறும்க்கா” என்கிறார் கன்னியம்மா. ஆனால் ஹாலுக்கு பார்க்கிங் வேண்டுமாம். அந்த இடத்தைத்தான் பார்த்து வைத்திருக்கிறார்கள்.

பெண்கள் இப்போது அந்தப் புதர்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் கூடை முடைகிறார்கள். ஜேசிபி வரட்டும்... நானும் போய் உட்காரப் போகிறேன்.